பொருத்தம் பார்த்த கார்

நாவல் எழுதுகிறவனுக்குக் கார் விற்பனைக் குறிப்பில் என்ன வேலை என்று வாசகர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். அமெரிக்காவில் பழைய கார்களை ஏலம் போடுகிற ஸ்தாபனங்கள் வெளியிடும் விற்பனைக் குறிப்புகளைச் சில காலமாக விடாமல் படித்து வருகிறேன். எனக்குக் கார் வாங்கும் உத்தேசமில்லை. அந்த விலை கொடுக்கிற சக்தியும் இல்லை. கதை படிக்கிற ஆசையில்தான் படிக்கிறேன். ஒரு பக்கத்துக்குள், சில சமயம் அரைப் பக்கத்துக்குள், ஒரு பிறப்பு, ஒரு வீழ்ச்சி, ஒரு மீட்சி மூன்றையும் சொல்லி முடித்துவிடுகிற எழுத்து அது. சிறுகதை எழுதுகிறவர்கள் கவனிக்க வேண்டிய எழுத்து. அதில் உண்மையும் உண்டு, பொய்யும் உண்டு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் விமர்சனத்தின் வேலை.

எல்லாப் பழைய கார்களையும் பற்றி நான் இங்கே சொல்ல வரவில்லை. அமெரிக்கர்கள் 'மஸில் கார்' என்று சொல்கிறார்களே, அந்த ஒரு சாதியைப் பற்றி மட்டும் பேசுகிறேன். புஜபலக் கார் என்று நாம் பெயர் வைத்துக்கொள்ளலாம். குடும்பஸ்தன் வாங்கக்கூடிய நடுத்தரக் காரின் கூட்டுக்குள் பெரிய காருக்கு உரிய எந்திரத்தைத் திணிப்பது, அதிக விலை வைக்காமல் வாலிபர்களிடம் விற்பது: சூத்திரம் இவ்வளவுதான். இதைத் தொடங்கி வைத்தது 1964ஆம் வருஷத்துப் பாண்டியாக் ஜி.டி.ஓ. என்பது பெரும்பாலோர் கட்சி. நடுத்தரக் கார்களில் 330 கன அங்குலத்துக்கு மேற்பட்ட எந்திரம் கூடாது என்று ஜெனரல் மோட்டார்ஸ் மேலிடம் ஒரு விதி வைத்திருந்தது. பாண்டியாக் பிரிவின் எஞ்சினியர் ஜான் டிலோரியனும் அவருடைய சகாக்களும் 389 கன அங்குல எந்திரத்தைத் தனி மாடலாகக் காட்டாமல், டெம்பெஸ்ட் லெமான்ஸ் காருக்கு 'விருப்பப்பட்டால் சேர்த்துக்கொள்ளும் சாமான்' என்று கணக்கில் எழுதிவிட்டார்கள். விதி மீறப்படவில்லை, எந்திரமும் உள்ளே போய்விட்டது. பெயரைக்கூட இத்தாலியப் பெராரியிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். 5,000 கார் விற்றால் போதும் என்று எண்ணினார்கள். முதல் வருஷமே 32,000க்கு மேல் விற்றது.

அப்புறம் எல்லாக் கம்பெனிகளும் இறங்கிவிட்டன. எந்திரங்கள் பெருத்தன. 1970இல் ஆட்டம் உச்சத்துக்குப் போயிற்று. அதே 1970இன் கடைசி நாட்களில் தூய காற்றுச் சட்டம் வந்தது. இன்ஷூரன்ஸ் கம்பெனிகள் இருபது வயதுப் பையன் கையில் இப்படிப்பட்ட கார் இருந்தால் தண்டனைபோல் தொகை கேட்டன. 1973 அக்டோபரில் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. அடுத்த வருஷம் பாரகூடா போன்ற கார்களின் உற்பத்தியே நின்றுபோயிற்று. பத்து வருஷத்துக்குள் பிறந்து, ஆடி, அடங்கிப்போன சாதி இது. அற்ப ஆயுள் என்பதே இதற்கு ஒரு காவிய லட்சணத்தைக் கொடுத்துவிட்டது. விற்பனைக் குறிப்பு எழுதுகிறவர்களுக்கு அது நன்றாகத் தெரியும்.

இனி ஒரு குறிப்பை எடுத்துப் பார்ப்போம். குறிப்பிட்ட ஒருவருடைய குறிப்பு அல்ல. பல குறிப்புகளுக்கும் பொதுவான அமைப்பைச் சொல்கிறேன். விற்பனைக்கு வந்திருப்பது 1970ஆம் வருஷத்துப் பிளிமத் 'ஹெமி கூடா' என்று வைத்துக்கொள்ளலாம். 'கூடா' என்பது பாரகூடாவின் சுருக்கம். நம் கடற்கரையில் சீலா என்று சொல்கிற மீன்தான். 'ஹெமி' என்றால், எரிபொருள் வெடிக்கும் அறை அரைக்கோள வடிவில் இருக்கிற எந்திரம். கொள்ளளவு 426 கன அங்குலம், அதாவது ஏழு லிட்டர். கம்பெனி விளம்பரப்படுத்திய சக்தி 425 குதிரைத் திறன். நிறத்தின் பெயர் 'லெமன் ட்விஸ்ட்' என்றோ 'வைட்டமின் ஸி' என்றோ இருக்கும். இவை நான் கற்பனை செய்த பெயர்கள் அல்ல. கம்பெனிக்காரர்களே கூச்சமில்லாமல் வைத்தவை.

குறிப்பின் முதல் அங்கம் அருமைப்பாடு. இத்தனைதான் செய்யப்பட்டன, அவற்றில் இந்த நிறத்தில் இத்தனை, இந்த ஆசனத்தோடு இத்தனை, இந்தக் கியரோடு இத்தனை என்று வடிகட்டிக்கொண்டே போய்க் கடைசியில் 'உலகத்தில் இது ஒன்றுதான்' என்று நிறுத்துவார்கள். எண்ணிக்கை பொய்யல்ல. 1970இல் மேற்கூரை உள்ள ஹெமி கூடா 650 சொச்சம்தான் செய்தார்கள்; கூரையை மடக்கக்கூடியவை 14. மறு வருஷம் கூரை மடக்கும் ஹெமி கூடா ஏறக்குறைய ஒரு டஜன்தான். அப்படிப்பட்ட 1971ஆம் வருஷத்துக் கார் ஒன்று 2014இல் சியாட்டில் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போயிற்று.

ஆனால் ஏன் இவ்வளவு குறைவாகச் செய்தார்கள்? இந்தக் கேள்வியைக் குறிப்பு கேட்பதில்லை. பொக்கிஷம் என்று கருதிக் குறைவாகச் செய்தார்கள் என்ற எண்ணம் படிக்கிறவன் மனசில் தானாகவே விழும்படி விட்டுவிடுகிறது. வாஸ்தவம் வேறு. யாரும் வாங்கவில்லை, அதனால் செய்யவில்லை. அந்த எந்திரத்துக்கு மட்டும் 870 டாலருக்குமேல் தனியாகக் கொடுக்க வேண்டும். பெட்ரோலைக் குடிக்கும். இன்ஷூரன்ஸ் கிடைக்காது. புத்தியுள்ள தகப்பன் பிள்ளைக்கு வாங்கித் தரமாட்டான். இன்றைய அருமை என்பது அன்றைய வியாபாரத் தோல்விக்கு வைத்த மறுபெயர். இலக்கியத்திலும் இதைப் பார்க்கிறோம். முந்நூறு பிரதிகூட விற்காத புஸ்தகம் ஐம்பது வருஷம் கழித்து 'கிடைத்தற்கரிய முதற்பதிப்பு' ஆகிவிடுகிறது. அன்று அதை வாங்காதவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

இரண்டாவது அங்கம் எண்கள். அமெரிக்கக் கார் ரஸிகனுக்கு 'எண்கள் பொருந்துகின்றன' என்ற வாசகம் மந்திரம் மாதிரி. முன்கண்ணாடி வழியாகத் தெரியும்படி ஒரு தகட்டில் காரின் எண் இருக்கும். அதன் கடைசி இலக்கங்கள் எந்திரத்தின்மேலும் கியர் பெட்டியின்மேலும் குத்தப்பட்டிருக்கும். மூன்றும் ஒத்துப்போனால், காரோடு பிறந்த எந்திரமே இன்றும் அதில் இருக்கிறது என்று அர்த்தம். கிரைஸ்லர் கார்களில் எந்திர அறைக்குள் இன்னொரு தகடு உண்டு. நிறம், ஆசனம், சேர்க்கை சாமான்கள் எல்லாம் அதில் சங்கேதமாகப் பொறித்திருக்கும். தொழிற்சாலையில் காரோடு கூடவே போன உத்தரவுக் காகிதம் சில சமயம் ஆசன ஸ்பிரிங்குகளுக்குள் செருகிக் கிடக்கும். ஐம்பது வருஷம் கழித்து அந்தக் காகிதம் அகப்பட்டால் கொண்டாட்டந்தான். நம் ஊரில் பெண்ணுக்கும் பிள்ளைக்கும் பத்துப் பொருத்தம் பார்ப்பதுபோல், அங்கே எந்திரத்துக்கும் கூட்டுக்கும் பொருத்தம் பார்க்கிறார்கள்.

பொருத்தம் பார்க்கிற இடத்தில் ஜாதகத்தைத் திருத்துகிறவனும் இருப்பான். 1970ஆம் வருஷத்துச் செவர்லே ஷெவல்லை எடுத்துக்கொள்ளுங்கள். 454 கன அங்குலத்தில் 450 குதிரைத் திறன் காட்டிய எல்.எஸ்.6 எந்திரத்தோடு அது அந்த ஒரு வருஷந்தான் வந்தது. நாலாயிரத்துச் சொச்சம் செய்தார்கள். ஆனால் காரின் எண்ணைப் பார்த்தால் 'எட்டுச் சிலிண்டர் எந்திரம்' என்பது வரைக்குந்தான் தெரியும். எந்த எட்டுச் சிலிண்டர் என்று அது சொல்லாது. சாதாரணமான ஒரு குடும்ப ஷெவல்லை வாங்கி, பெரிய எந்திரத்தை வைத்து, எந்திரத்தின் முகப்பில் இருக்கும் பழைய எண்ணை அராவிவிட்டுப் புதிய எண்ணைக் குத்திவிட்டால் விலை பல மடங்கு ஏறுகிறது. இந்த ஒரு காரணத்தினாலேயே, எண் குத்திய இடத்தில் இரும்பின் மேல் உள்ள கீறல்களைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்துச் சொல்கிற நிபுணர்கள் அங்கே இருக்கிறார்கள். ஃபோர்ட் காருக்கும் பாண்டியாக் காருக்கும் கம்பெனிப் பதிவேடுகளிலிருந்து சான்று எடுத்துத் தருகிற ஏற்பாடு இருக்கிறது. ஷெவல்லுக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை. பணத்தைக் கொடுத்துவிட்டுப் பின்னால் அழுகிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை மறந்துவிடக் கூடாது. அவர்கள் எல்லோரும் கோடீசுவரர்கள் அல்ல. பதினெட்டு வயசில் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்த்ததை அறுபது வயசில், சேமிப்பைத் திரட்டி, வாங்க வந்தவர்களும் உண்டு.

மூன்றாவது அங்கம் உடம்பு. இங்கேதான் குறிப்பின் நடை கவித்துவத்தை எட்டுகிறது. காரைக் கடைசித் திருகாணி வரை கழற்றுகிறார்கள். வெறும் கூட்டை ஓர் இரும்புச் சட்டத்தில் இரண்டு முனையிலும் பிடித்து மாட்டி, ஆட்டை நெருப்பின்மேல் திருப்புகிற மாதிரி சுற்றவிட்டு, அடிப்புறமெல்லாம் சுரண்டித் துரு எடுக்கிறார்கள். வெட்ட வேண்டியதை வெட்டிப் புதுத் தகடு வைத்துப் பற்றவைக்கிறார்கள். ஆசனத்துணி, கைப்பிடி, ரப்பர், கண்ணாடி எல்லாம் பழைய வார்ப்புப்படியே புதிதாகச் செய்து கடையில் விற்கிறார்கள். அவ்வளவு ஏன், 1960களின் மஸ்டாங் காருக்கு முழு உடற்கூடே புதிதாக அச்சில் அடித்துக் கிடைக்கிறது. எல்லாம் முடிந்தபிறகு பழைய காரில் மிச்சமிருப்பது எது என்று கேட்டால், சில சந்தர்ப்பங்களில், எண் பொறித்த அந்தச் சிறு தகடு என்றுதான் பதில் சொல்ல வேண்டியிருக்கும். பலகை பலகையாக மாற்றிய தீஸியஸின் கப்பல் அதே கப்பல்தானா என்று கிரேக்கர்கள் தர்க்கம் செய்ததாக ப்ளூடார்க் எழுதியிருக்கிறார். கிரேக்கர்கள் வெறும் தர்க்கத்தோடு நின்றார்கள். அமெரிக்கர்கள் அதற்கு ஏலம் வைத்துவிட்டார்கள்.

இப்படிப் புதுப்பித்த காரைத் 'தொழிற்சாலையிலிருந்து வெளிவந்த நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம்' என்று குறிப்பு சொல்லும். இது உண்மையல்ல. தொழிற்சாலையிலிருந்து எந்தக் காரும் இவ்வளவு அழகாக வெளிவந்ததில்லை. வேகமாக ஓடுகிற வரிசையில் செய்த கார்கள் அவை. கதவுக்கும் பக்கத் தகட்டுக்கும் நடுவிலுள்ள இடுக்கு மேலே ஓர் அளவும் கீழே ஓர் அளவுமாக இருந்தது. சாயம் சில இடத்தில் வழிந்தது, சில இடத்தில் பிடிக்கவில்லை. இன்று அடிக்கிற சாயமே வேறு. அதன்மேல் கண்ணாடிபோல் ஒரு பூச்சு வேறு. பழைய காலத்துக் காரை எடுத்து, அந்தக் காலம் தன்னைப் பற்றிக் கண்ட கனவாக அதை மாற்றிவிடுகிறார்கள். ரஸிகர்களிலேயே இதை உணர்ந்தவர்கள் உண்டு. தொழிற்சாலையில் இருந்ததைவிட நன்றாக இருந்தால் மதிப்பெண்ணைக் குறைக்கிற நடுவர்களும் இருக்கிறார்கள்.

அவர்களைத் திருப்திப்படுத்துவதற்காகப் புதுப்பிக்கிறவர்கள் செய்கிற காரியம் ஒன்று என்னை மிகவும் யோசிக்க வைத்தது. வரிசையில் வேலை செய்த தொழிலாளி, தன் பங்கு வேலை முடிந்தது என்பதற்கு அடையாளமாக, சுண்ணக்கட்டியாலோ மெழுகுக் குச்சியாலோ ஒரு கிறுக்கல் போடுவான். திருகாணிமேல் ஒரு சொட்டுச் சாயம் வைப்பான். இரண்டாவது காரில் அதைப் போடும்போது முதல் காரை மறந்திருப்பான். இன்று அந்தக் கிறுக்கல்களைப் பழைய புகைப்படங்களிலிருந்து கற்றுக்கொண்டு, எந்த இடத்தில், எந்த நிறத்தில், எந்தச் சாய்வில் என்று சிரத்தையாகப் பார்த்துத் திரும்பவும் எழுதுகிறார்கள். அலட்சியமாகப் போட்ட கோட்டை அலட்சியமாகப் போட்டதுபோலவே தோன்றும்படி போட எத்தனை முறை பழகியிருப்பார்கள்! கோடு இருக்கிறது. போட்ட கை எங்கே?

இந்த இடத்தில்தான் விற்பனைக் குறிப்புகள்மேல் எனக்குள்ள பெரிய குறையைச் சொல்ல வேண்டும். அதில் மனுஷர்களே கிடையாது. வாக்கியங்களைக் கவனியுங்கள்: செய்யப்பட்டது, அனுப்பப்பட்டது, வைக்கப்பட்டிருந்தது, கண்டெடுக்கப்பட்டது, புதுப்பிக்கப்பட்டது. எல்லாம் செயப்பாட்டு வினை. யார் செய்தார்கள் என்ற கேள்விக்கு இலக்கணத்திலேயே இடம் வைக்கவில்லை.

1970ஆம் வருஷத்துக் கூடாக்களைப் பெரும்பாலும் செய்த இடம் 'டாட்ஜ் மெயின்' என்ற தொழிற்சாலை. டெட்ராய்ட் நகரம் நாலு பக்கமும் சூழ்ந்திருக்கிற ஹாம்ட்ராம்க் என்ற சின்ன ஊரில் அது இருந்தது. 1968 மே மாதம் அங்கே ஒரு வேலைநிறுத்தம் நடந்தது. வரிசை ஓடுகிற வேகம் தாங்க முடியவில்லை என்பது புகார். அதை ஒட்டியே, நிறபேதத்தையும் வேகத்தையும் எதிர்த்துக் கறுப்புத் தொழிலாளர்கள் 'டாட்ஜ் புரட்சித் தொழிற்சங்க இயக்கம்' என்று ஒன்றை ஆரம்பித்தார்கள். அதற்கு முந்தின வருஷம், 1967 ஜூலையில், டெட்ராய்ட் தெருக்கள் எரிந்தன. 43 பேர் மாண்டார்கள். இந்த ஊரில், இந்த மனிதர்கள், இந்த மனநிலையில் செய்த காருக்குத்தான் 'லெமன் ட்விஸ்ட்' என்று நிறத்தின் பெயர். இதைக் குறிப்பில் எழுத வேண்டுமா என்று கேட்பீர்கள். திருகாணியின்மேல் இருந்த சாயச் சொட்டு வரைக்கும் எழுதுகிறவர்கள், சொட்டு வைத்தவனைப் பற்றி ஒரு வரி எழுதினால் என்ன குறைந்துவிடும்?

டாட்ஜ் மெயின் 1980 ஜனவரியில் மூடப்பட்டது. மறு வருஷம் இடித்தார்கள். அந்த இடத்தையும், பக்கத்திலிருந்த போலிஷ் குடியேறிகளின் பேட்டையையும் சேர்த்து ஜெனரல் மோட்டார்ஸ் புதுத் தொழிற்சாலை கட்டிக்கொண்டது. நாலாயிரம் பேருக்குமேல் வீட்டை விட்டுப் போனார்கள். மாதா கோயிலைக்கூட இடித்தார்கள். இன்று அங்கே மின்சார வண்டிகள் செய்கிறார்கள். 1950இல் பதினெட்டரை லட்சம் ஜனங்கள் இருந்த டெட்ராய்டில் 2020 கணக்கின்படி 6,39,000 பேர்தான் இருந்தார்கள். காரைத் திருகாணி திருகாணியாகப் புதுப்பித்தார்கள். அதைச் செய்த பேட்டையை அப்படிப் புதுப்பிக்க யாரும் ஏலம் கேட்கவில்லை.

சில குறிப்புகளில் முதல் சொந்தக்காரனைப் பற்றி ஒரு வரி வரும். வியட்நாமிலிருந்து திரும்பி வந்தவன், சேர்த்து வைத்திருந்த சம்பளத்தில் வாங்கினான் என்று இருக்கும். அடுத்த வரியிலேயே பின்சக்கரத்தின் பல் விகிதத்துக்குப் போய்விடுவார்கள். அந்த இரண்டு வரிகளுக்கு நடுவே ஒரு நாவல் இருக்கிறது. திரும்பி வந்தவன் ஏன் அத்தனை வேகத்தை விரும்பினான்? ஏன் விற்றான்? கல்யாணம் ஆயிற்றா, வேலை போயிற்றா? எழுதுகிறவருக்கு ஒரு வேளை தெரிந்திருக்கலாம். அது விலையைக் கூட்டாது என்று விட்டிருப்பார்.

அப்படியானால் மனுஷக் கதை விலையைக் கூட்டவே கூட்டாதா? கூட்டும். அதற்கும் ஓர் உதாரணம் இருக்கிறது. 1968இல் பீட்டர் யேட்ஸ் இயக்கி ஸ்டீவ் மக்வீன் நடித்த 'புல்லிட்' என்ற படம் வந்தது. ராபர்ட் எல். ஃபிஷ் வேறு பெயரில் எழுதிய 'மௌன சாட்சி' என்ற 1963ஆம் வருஷத்து நாவல் அதற்கு மூலம். அந்த நாவலை இன்று பெரும்பாலோர் மறந்துவிட்டார்கள். நாவலாசிரியன் என்ற முறையில் இதைக் கொஞ்சம் வருத்தத்தோடுதான் குறிப்பிடுகிறேன். படத்தில் எல்லோரும் நினைவு வைத்திருப்பது, ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவின் மேடு பள்ளத் தெருக்களில் பச்சை நிற மஸ்டாங்கும் கறுப்பு டாட்ஜ் சார்ஜரும் பதினொரு நிமிஷத்துக்குச் சற்றுக் குறைவாகத் துரத்திக்கொள்கிற காட்சியைத்தான். படத்தொகுப்புக்காக ஃப்ராங்க் கெல்லருக்கு ஆஸ்கார் பரிசு கிடைத்தது.

அந்த மஸ்டாங் கைமாறி, 1974இல் ஒரு மோட்டார்ப் பத்திரிகையின் விற்பனை விளம்பரம் மூலம், நியூஜெர்ஸியில் ஒரு குடும்பத்துக்கு 6,000 டாலருக்கு வந்து சேர்ந்தது. வீட்டு எஜமானி பள்ளிக்கூட ஆசிரியை. அந்தக் காரில்தான் வேலைக்குப் போய் வந்தாள். 1977இல் மக்வீனே அதைத் திரும்ப விலைக்குக் கேட்டுக் கடிதம் எழுதினார். குடும்பம் விற்கவில்லை. 1980இல் கிளட்ச் கெட்டுப்போயிற்று. கார் கொட்டகைக்குள் போயிற்று. மக்வீன் அந்த வருஷமே இறந்துபோனார். தகப்பனும் பிள்ளையுமாக என்றாவது ஒரு நாள் சரி செய்யலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள். தகப்பன் 2014இல் காலமானார். 2018 ஜனவரியில் டெட்ராய்ட் கண்காட்சியில் பிள்ளை அதை வெளியே கொண்டுவந்தபோது, ஓடுகிற அளவுக்குத்தான் செப்பனிட்டிருந்தார். சாயம் போனது போனபடி, துரு ஏறினது ஏறினபடி. காமிரா மாட்டுவதற்காக அடியில் பற்றவைத்த இரும்புத் துண்டுகள்கூட அப்படியே இருந்தன. 2020 ஜனவரியில், ஃப்ளாரிடாவில் கிஸிமீ என்ற ஊரில், ஏலக் கட்டணம் உள்பட 37 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்குப் போயிற்று. அதுவரை எந்த மஸ்டாங்கும் அந்த விலைக்குப் போனதில்லை.

புதுப்பிக்காத கார் புதுப்பித்த கார்களை எல்லாம் தோற்கடித்தது. ஆகவே உண்மை வென்றது என்று முடித்துவிடலாம். சுலபமான முடிவு. எனக்கு அது சம்மதமில்லை. அங்கே விலை போனது ஆசிரியையின் தினசரிப் பிரயாணம் அல்ல. சினிமா நட்சத்திரத்தின் புகழ். இன்னொரு ஆசிரியை, இன்னொரு மஸ்டாங்கில், அதே தூரத்தை அதே மாதிரி ஓட்டியிருந்தால் அந்தக் காரை உடைத்துச் சாமானாகத்தான் விற்றிருப்பார்கள். போதாக்குறைக்கு, வியாபாரம் இப்போது துருவையும் கற்றுக்கொண்டுவிட்டது. 'தொடாத கார்', 'கொட்டகையில் கண்டெடுத்தது' என்று புதிய அடைமொழிகள் வந்துவிட்டன. தூசியைத் துடைக்காமல் மேடைக்குக் கொண்டு வருகிறார்கள், தூசிக்கும் ஒரு விலை உண்டு என்பதால். ஜரிகைப் புடவைக்கு ஒரு பொய் உண்டென்றால் கந்தலுக்கும் ஒரு பொய் உண்டு. நம் எழுத்தாளர்களில் வறுமையைக் கடை விரிக்கிறவர்களை அறிந்தவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை.

ஆகவே புதுப்பிக்கிறவன்மேல் எனக்கு விரோதம் இல்லை. அவன் கைக்கு வராவிட்டால் அந்தக் கார்களில் பெரும்பாலானவை மண்ணோடு மண்ணாகப் போயிருக்கும். அழுகின தகட்டை வெட்டி எடுத்து, தட்டி, வளைத்து, பற்றவைத்த இடம் தெரியாமல் தேய்க்கிற வேலையில் ஆயிரக்கணக்கான மணி நேரம் போகிறது. அது கைத்தொழில், அதில் கௌரவம் இருக்கிறது. நான் கேட்பது வேறு. ஏட்டுச் சுவடியைப் பதிப்பிக்கிறவர் செல்லரித்த இடத்தில் என்ன செய்கிறார்? நல்ல பதிப்பாசிரியர் புள்ளி வைத்துவிட்டு மேலே போகிறார். ஊகம் இருந்தால் அடிக்குறிப்பில் ஊகம் என்று எழுதுகிறார். மோசமான பதிப்பாசிரியர் தானே ஒரு சீரைப் போட்டு நிரப்பிவிட்டுப் புலவன் தலையில் கட்டிவிடுகிறார். இரண்டு பேரும் உழைப்பாளிகள்தான். இரண்டாமவருக்குச் சில சமயம் யாப்புப் புலமை அதிகமாகக்கூட இருக்கும். ஆனாலும் முதல்வரைத்தான் நாம் நம்புகிறோம்.

காருக்கும் இதே நியாயந்தான். எந்தத் தகடு பழசு, எந்தத் தகடு புதுசு, எந்திரம் கூடப் பிறந்ததா, பின்னால் வந்ததா என்பதையெல்லாம் சொல்லிவிட்டு விற்கிறவர் கலைஞர். வேலை ஆரம்பிக்கு முன் கார் இருந்த கோலத்தைப் படம் பிடித்து, ஒவ்வொரு கட்டத்தையும் ஆல்பமாகச் சேர்த்துக் காரோடு கொடுக்கிற தொழிலாளிகள் அமெரிக்காவில் இருக்கிறார்கள். அந்த ஆல்பந்தான் என் அபிப்பிராயத்தில் உண்மையான விற்பனைக் குறிப்பு. பளபளக்கிற கடைசிப் படத்தைவிட, துருப்பிடித்த முதல் படம் வாங்குகிறவனுக்கு அதிகம் சொல்கிறது. பெரிய எந்திரம் வைத்த சாதாரண ஷெவல்லைச் 'சாதாரண ஷெவல், நான் பெரிய எந்திரம் வைத்தேன்' என்று சொல்லி விற்றால் அதிலே குற்றம் ஒன்றுமில்லை. ஓட்டுகிற சுகம் ஒன்றுதான். விலைதான் குறையும்.

விலை குறையும் என்பதுதான் சிக்கல். ஏலக் கூடத்தில் எழுதப்படுகிற எந்த வாக்கியமும் விலையை நினைத்துக்கொண்டுதான் எழுதப்படுகிறது. அதற்காக அந்த எழுத்தை நான் ஒதுக்கமாட்டேன். இறந்த காலத்தை எவ்வளவு ஆசையாக மனுஷன் திரும்ப வாங்கப் பார்க்கிறான் என்பதை இவ்வளவு பச்சையாகக் காட்டுகிற எழுத்து வேறு எதுவும் என் கண்ணில் படவில்லை. ஆனால் அவன் வாங்குவது அவனுடைய இறந்த காலம் அல்ல. அன்று அவனிடம் அந்தக் கார் இல்லை. அதனால்தான் இன்று வாங்குகிறான். எதிர் வீட்டுப் பையனிடம் இருந்திருக்கும். இந்த ஏக்கத்தைப் புரிந்துகொண்டு எழுதுகிற குறிப்பாசிரியரை நான் மதிக்கிறேன். அதைத் தெரிந்துகொண்டே எண்ணை அராவுகிறவனை மன்னிக்க முடியவில்லை.

குறிப்பு எழுதுகிறவர் யாராவது என்னிடம் யோசனை கேட்டால், அருமைப்பாடு, எண்கள், உடம்பு மூன்றையும் இருக்கிறபடி விட்டுவிட்டு, நாலாவதாக ஒரு பத்தி சேர்க்கச் சொல்வேன். இன்ன ஊரில், இன்ன தொழிற்சாலையில், இன்ன காலத்தில் செய்தது; வாங்கினவன் இன்ன வேலை பார்த்தவன்; இத்தனை வருஷம் ஓட்டினான்; இன்ன காரணத்தால் விற்றான்; இன்னார் புதுப்பித்தார், அவர் மாற்றியவை இவை இவை. பத்து வரி போதும். அந்தப் பத்து வரியைப் படித்தபிறகும் ஒருவன் பணத்தைக் கொடுத்து வாங்கினால், தான் வாங்குவது என்ன என்று தெரிந்து வாங்குகிறான்.